காகூவின் சோர்யா, அத்தையின் உரல்

திருநெல்வேலியில் நான் ரயிலேறிய அன்று ஐப்பசி மழை நின்று நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. கையில் இருந்த சாமான்களில் முக்கியமானது ஒரு ஓலைக் கொட்டான். உள்ளே ஐந்து கிலோ உடன்குடிக் கருப்பட்டி. அதைச் சுற்றிச் செய்தித்தாள், அதன்மேல் பாலிதீன், அதற்கும் மேலே அம்மாவின் பழைய சேலைத்துணி. கருப்பட்டிக்கு ஈரக்காற்று ஆகாது, கசிந்துவிடும். "நீ நனஞ்சா துவட்டிக்கிடலாம், கொட்டான் நனஞ்சா என்ன செய்ய?" என்று சொல்லித்தான் அம்மா வழியனுப்பினாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். பம்பாய்க்காரர்கள் எல்லாரும் ஊருக்கு வரும் நேரத்தில் நான் ஊரிலிருந்து பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தேன். ஐம்பது வருடமாக மும்பை என்றும் பம்பாய் என்றும் எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லும் குடும்பம் எங்களுடையது. அப்பாவின் தங்கை, விக்ரோலி அத்தை, போனில் சொல்லியிருந்தாள்: "அடுத்த வருசம் இந்த பில்டிங்கு இருக்காது. இடிச்சுட்டுப் பெருசாக் கட்டப் போறானுவ. எண்ணெச் சட்டி வைக்கிறது இதான் கடைசி. வாறதுன்னா வா." அத்தை இப்படி அழைத்தால் அது அழைப்பு இல்லை, சம்மன்.

நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸ் ஒன்றரை நாள் ஓடும். ராத்திரி எங்கேயோ மழை கழன்றுகொண்டது. ராய்ச்சூர்ப் பக்கம் விழித்தபோது வானம் துடைத்த பாத்திரம்போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் இலையுதிர் காலம் என்று படித்ததை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர், மழையும் குளிர்காற்றுமான காலம். அதே மாதம் மராட்டியருக்கு சரத்: மழை முடிந்து, வானம் வெளுத்து, வெயில் ஏறுகிற காலம். மும்பைக்காரர்கள் அதை 'அக்டோபர் ஹீட்' என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் பட்சணம் செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். திருநெல்வேலியில் தீபாவளி முறுக்கு மூன்றாம் நாளே நமத்துவிடும். அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியை மின்விசிறிக்குக் கீழே வேட்டி விரித்து உலர்த்தி, "காய்ஞ்சுதா, காய்ஞ்சுதா" என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை கையால் பிசைந்து பார்ப்போம். விக்ரோலியில் அரை மணி நேரம் போதும். அத்தை வீட்டு முறுக்கு மாசக்கணக்கில் நொறுநொறுவென்று இருப்பதற்குக் கைப்பக்குவம் என்று நாங்கள் சொல்லிவந்த காரணத்தில் பாதிப் பங்கு வானிலையுடையது. அத்தையிடம் இதை நான் சொல்லவில்லை.

கர்ஜத்தில் வடாபாவ். கல்யாணில் இறங்கி ஸ்லோ லோக்கல். முலுண்ட், நாஹூர், பாண்டுப், காஞ்சூர்மார்க் தாண்டினால் விக்ரோலி. கொட்டானை மடியில் வைத்து நின்றுகொண்டே வந்தேன். மடியில் வைப்பதற்கு உட்கார வேண்டும் என்று நினைப்பவர்கள் மும்பை லோக்கலில் வந்ததில்லை.

விக்ரோலியில் நெல்லைக்காரனுக்கு முதலில் நினைவுக்கு வருவது பீரோ. நம்மூரில் கல்யாணச் சீரில் 'கோத்ரெஜ் பீரோ' என்றால் இரும்பு பீரோ என்று பொருள், யார் செய்திருந்தாலும். 1897-இல் பூட்டுத் தொழிலில் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1920-களிலேயே இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. 1943-இல் பிரோஜ்ஷா கோத்ரெஜ் விக்ரோலியில் நிலம் வாங்கினார். அப்போது இங்கே இருந்தவை சேறும் புதரும் தானே கழிமுகத்து அலையாத்திக் காடும். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்குப்பெட்டிகள், 12 லட்சத்துக்கு மேல், இந்த ஊரில்தான் செய்யப்பட்டன. பிறகு தட்டச்சு எந்திரம், குளிர்பதனப்பெட்டி. அலையாத்திக் காட்டை அவர்கள் அழிக்காமல் விட்டது இன்று மும்பைக்குக் கிடைத்திருக்கும் கொஞ்சநஞ்ச மூச்சில் ஒன்று.

மாமா 1974-இல் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் சீர் பீரோவை விரல்மூட்டால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "மதினி, இது நம்ம சரக்கு இல்ல" என்றாராம். பாளையங்கோட்டைப் பட்டறையில் செய்தது என்று அப்பா ஒப்புக்கொண்டார். அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் அது எங்கள் வீட்டில் கோத்ரெஜ் பீரோதான்.

அத்தை வீடு கிழக்கே, கன்னம்வார் நகரில். மகாராஷ்டிரத்தின் இரண்டாம் முதலமைச்சராக இருந்து 1963-இல் பதவியிலேயே காலமான மாரோத்ராவ் கன்னம்வாரின் பெயர். வீட்டுவசதி வாரியம் கட்டிய அடக்கமான மாடிக் கட்டடங்கள், நடுவே வேம்பும் வாதாமரமும். பாதிக் கட்டடங்கள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட கோபுரங்கள். ஸ்டேஷன் பக்கம் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் மேம்பாலம் பாதியில் நின்றிருந்தது. (அது 2025 ஜூனில் திறந்தது. அத்தை அதில் இன்னும் போகவில்லை என்கிறாள்.) நான் போன 2024-இன் ஏப்ரலில்தான் கோத்ரெஜ் குடும்பத்தார் தங்கள் தொழில்களைச் சுமுகமாகப் பாகம் பிரித்துக்கொண்டதாக அறிவித்திருந்தார்கள். "நூத்தி இருவத்தேழு வருசம் ஒண்ணா இருந்திருக்காங்களே, அது போதாதா?" என்றார் மாமா. தாராவியில் இருக்கும் தம்பியோடு ஒரு குழாயடிச் சண்டையில் அவர் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் அத்தை என்னை அழைத்துக்கொண்டு போனது அந்தத் தாராவிக்குத்தான். மாமா பேசமாட்டார், ஆனால் வாழையிலையும் மாவும் அங்கிருந்துதான் வரவேண்டும். சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் 90 அடிச் சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் இங்கே இருக்கிறார்கள். பேச்சில் இன்னும் தாமிரபரணித் தண்ணீர் ஓடுகிறது. என்னைவிடச் சுத்தமாக 'வாங்கலே, போங்கலே' வருகிறது. சந்துக்குள் திரும்பியதும் எண்ணெய் வாசம். ஒரு வீட்டு வாசலில் நாலு பெண்கள் வெள்ளைத் துணி விரித்து முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அண்டா மாதிரி ஒரு சட்டி. அவர்களுக்குத் தீபாவளி என்பது பண்டிகைக்கு முன்னால் வருகிற வேலை. பாக்கெட்டுகள் நகரம் முழுக்கக் கடைகளுக்குப் போகும். "ஊருக்கெல்லாம் நாங்க சுடுதோம். எங்க வீட்டுக்குச் சுட நேரமில்ல, மிட்டாய்க் கடையில வாங்கிருவோம்" என்று ஒருத்தி சிரித்தாள். கதவுகளில் மறுசீரமைப்புத் திட்டக் கணக்கெடுப்பு எண்கள். எந்தக் கதவு எப்போது எங்கே போகும் என்ற பேச்சு முறுக்கோடு முறுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்திலேயே கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் பஞ்சுக் கழிவைக் கொளுத்திச் சூளை போடுகிறார்கள். புகை கண்ணைக் கரிக்கும். அத்தை அகல்விளக்கு எண்ணி எண்ணி வாங்கினாள், ஐந்து டஜன். நம்மூரில் தீபாவளிக்கு விளக்கு வரிசை ஏது? விளக்கெல்லாம் கார்த்திகைக்குத்தான். "இங்க வந்த புதுசுல நம்ம வாசல் மட்டும் இருட்டாக் கெடக்கும். எதுத்த வீட்டுப் பிள்ளை ரெண்டு விளக்கைக் கொண்டாந்து நம்ம படியில வச்சுட்டுப் போயிரும். எத்தனை வருசத்துக்கு ஓசி வெளிச்சத்துல இருக்க?" இப்போது தீபாவளிக்கு ஐந்து நாள், பிறகு கார்த்திகைக்கு மூன்று நாள். ஒரே விளக்குகள், இரண்டு முறை உழைப்பு.

மாட்டுங்காவுக்கும் போனோம். தாராவியிலிருந்து கூப்பிடு தூரம், ஆனால் இரண்டு தமிழ்நாடு. இங்கே ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கட்டுகிறவர்கள், காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை, ஆஸ்திக சமாஜம் கோயில், 1932-இலிருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்துவரும் தென்னிந்தியக் கல்விச் சங்கம். தீபாவளி லேகியம் புட்டியில் விற்கிறார்கள். அத்தை புட்டியைத் திருப்பிப் பார்த்து, விலையைப் படித்து, திருப்பி வைத்தாள். "சுக்கும் திப்பிலியும் வீட்ல இருக்கு." மாட்டுங்காக்காரர்களுக்கும் தாராவிக்காரர்களுக்கும் ஒருவர் வீட்டுப் பட்சணம் இன்னொருவருக்குப் போனதில்லை. மராட்டி மண்ணில் இருவருக்கும் சேர்த்து 'மத்ராசி' என்ற ஒரே பெயர் இருந்தும் போனதில்லை. 1960-களின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது கடைகள்மேல் விழுந்த கல்லை யாரும் சாதி பார்த்து எறியவில்லை. அத்தை இதைச் சொல்லவில்லை. காப்பி குடித்துக்கொண்டே எனக்குத் தோன்றியது.

எண்ணெய்ச் சட்டி ஏறியது அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. மாடியில் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, படிக்கட்டு முகப்பில் செய்தித்தாள் விரித்து, ஒரே அடுப்பில். செருப்புகள் எல்லாம் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டன. தலைமை இரண்டு பேர்: அத்தை, எதிர்வீட்டுக் காகூ. காகூ என்றால் மராட்டியில் சித்தி, பெரியம்மா, பக்கத்துவீட்டு அம்மா எல்லாம். எழுபது வயது, ஒன்பது கஜம் கட்டாத நாளில் நைட்டி, குரல் மட்டும் சிவாஜி காலத்துத் தளபதியுடையது.

மராட்டியர் தீபாவளிப் பலகாரத்துக்கு மொத்தமாக 'பராள்' என்று பெயர். அதில் சக்லி நம் முள்ளு முறுக்கு. கரஞ்சி நம் சோமாசி. சங்கர்பாளி நம் பிள்ளைகள் டைமன் பிஸ்கட் என்று சொல்வது. சிவ்டா அவல் மிக்சர். பேசன் லாடுக்குத் தங்கை நம் மாலாடு. இப்படிப் பொருத்திக்கொண்டே போனால் சம்பந்தி வீட்டார் புகைப்படம் பார்ப்பதுபோல இருக்கும்: மூக்கு ஒன்று, நிறம் வேறு. முறுக்குக்கு நாம் பச்சரிசியில் வறுத்த உளுந்துமாவு சேர்த்தால் ஆயிற்று. அவர்கள் அரிசி, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து, கொத்தமல்லி, சீரகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து அரைக்கிறார்கள். அதற்கு 'பாஜணி' என்று பெயர். மாவில் காய்ச்சி ஊற்றும் எண்ணெய்க்கு 'மோஹன்'. "மோஹன் போட்டாச்சா?" என்று காகூ கத்தியபோது யாரோ ஆளை வரச்சொல்கிறார்கள் என்று நான் எழுந்து கதவைத் திறந்தேன். அந்த மாடியில் இனி பல வருடங்களுக்கு இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டடம் இருந்தால்.

அத்தை பிழிந்ததும் சக்லிதான். அச்சில் நட்சத்திர வில்லை, மாவில் பாஜணி வாசனை. ஆனால் அவள் அதற்குச் சொல்வது 'நம்மூர் முறுக்கு'. ஏன் இப்படி என்று கேட்டேன். அத்தை சட்டியைப் பார்த்துக்கொண்டே, காகூ உள்ளே போயிருந்த நேரமாகப் பார்த்து, தமிழில் சொன்னாள்.

1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். அந்த வேலைநிறுத்தம் முறையாக முடிந்தது என்று இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லை. ஆலைகள்தான் முடிந்துபோயின. காகூவின் கணவர் பரேல் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தீபாவளி வந்தபோது சம்பளம் இல்லாத பத்தாவது மாதம்.

"எல்லா வீட்லயும் எண்ண வாசம். அவ வீட்டுக் கதவு மட்டும் அடச்சுக் கெடக்கு. ஊருக்குப் போறோம்னு பிள்ளைகள வச்சு எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. ஊருக்குப் போகப் பஸ்ஸுக்குக் காசு ஏது? உள்ளதான் இருக்கா. நான் பாத்தேன், ராத்திரி தண்ணி பிடிக்க வந்தா. சும்மா கொண்டுபோய்க் குடுத்தா வாங்குவாளா? மானக்காரி. கதவத் தட்டி, 'தாயீ, என் உரலு ஒடஞ்சு போச்சு. ஒங்க சோர்யாவைக் குடுங்க, எனக்கு வேற கதியில்ல'ன்னேன். குடுத்தா. 'இத எனக்குச் சுத்தத் தெரியாது, வந்து நீங்களே பிழிஞ்சு குடுங்க'ன்னேன். வந்தா. அப்புறம் பாதி ஒனக்கு, பாதி எனக்கு. அவ உழைப்புல்லா?"

சோர்யா என்பது அவர்களுடைய முறுக்கு அச்சு, பித்தளைக் குழல், மேலே திருகுப்பிடி. அத்தையின் உரல் ஆச்சி கொடுத்தனுப்பிய பித்தளை அமுக்கு உரல், இரண்டு கைப்பிடி வைத்தது. அது உடையவே இல்லை. ஆனால் உடைந்துவிட்டது என்று சொல்லியாயிற்றே! மறு வருடம் வெளியே எடுத்தால் பொய் தெரிந்துவிடும். அதற்கடுத்த வருடமும் அப்படியே. மாமா தொழிற்சாலைச் சலுகையில் வாங்கிய பீரோவின் அடித்தட்டில், பழைய சேலைக்கு நடுவே, உரல் நாற்பத்திரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. அந்த நாற்பத்திரண்டு வருடமும் அத்தை சோர்யாவில்தான் பிழிந்தாள். மாடியில் மற்றவர்களும் அடுத்த தீபாவளியிலிருந்து மாவோடு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். படிக்கட்டு முகப்புச் சட்டி அப்படி ஏறியதுதான்.

அன்றைய சண்டை அதிரசத்துக்கும் அனார்சாவுக்கும். இரண்டுக்கும் ஈர அரிசிமாவும் வெல்லமும்தான். நாம் அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்து, பாகில் கிளறுவோம். பாகுதான் எமன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வரவேண்டும். ஒரு கொதி கூடினால் அதிரசம் பல்லை உடைக்கும். காகூ அரிசியை மூன்று நாள் ஊறவைக்கிறாள், தினமும் தண்ணீர் மாற்றி. லேசான புளிப்பு ஏறியபிறகு அரைத்து, பாகே காய்ச்சாமல் வெல்லத்தைப் பொடித்துப் பிசைந்து, உருட்டி டப்பாவில் மூடி ஒரு வாரம் மறந்துவிடுகிறாள். பிறகு கசகசாவில் தட்டி, கசகசாப் பக்கம் மேலே இருக்க, ஒரு பக்கம் மட்டும் பொரிப்பாள், திருப்பக்கூடாது. பொரிந்தது தேன்கூடு மாதிரிக் கண்கண்ணாக இருக்கும். வாயில் போட்டால் முதலில் மொறுமொறு, பிறகு ஒன்றுமே இல்லை, கரைந்துவிடும்.

அத்தைக்குக் கருப்பட்டி அதிரசம் மெத்தென்று, எண்ணெய் பிழிந்து, இரண்டு நாளில் ருசி ஏறவேண்டும். காகூவுக்கு அது வேகாத தோசை. காகூவின் முதல் ஈடு சட்டியில் விழுந்ததும் சிதறி நுரையாகப் பரவியது. மாவு கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டது போல. நம்மூரில் 'பிரிஞ்சு போச்சு' என்போம், முகம் தொங்கிப்போகும். மராட்டியில் 'அனார்சா ஹஸ்லா' என்கிறார்கள். அனார்சா சிரித்துவிட்டது. எண்ணெயில் சிதறுவதைச் சிரிப்பு என்று பார்த்த அந்த முதல் கிழவியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அத்தையும் சிரித்தாள், ஒரு சுற்று அதிகமாகவே.

கீழே பிள்ளைகளுக்கு வேறு வேலை. மராட்டியப் பிள்ளைகள் தீபாவளிக்கு மண்ணில் கோட்டை கட்டுவார்கள். கல், சாக்கு, செம்மண் வைத்துக் குன்று எழுப்பி, கடுகு தூவி முளைக்கவைத்து, உச்சியில் சிவாஜி மகராஜை உட்காரவைத்து, சுற்றிலும் படைவீரர்கள். இந்த வருடம் அவர்கள் கட்டியது செஞ்சி. மாமாதான் யோசனை. "அதுவும் மகராஜ் பிடிச்ச கோட்டைதாம்லே, 1677-ல" என்று வாதாடி ஜெயித்திருக்கிறார். அவர்கள் பேச்சில் அது 'ஜிஞ்சி'. (அடுத்த ஆண்டு ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பதினொன்று மகாராஷ்டிரத்திலும் பன்னிரண்டாவது செஞ்சியாகவும் இருந்தது. மாமா அன்று எனக்கு மூன்று முறை போன் செய்தார்.) வீரர்கள் போதவில்லை என்று பிள்ளைகள் கேட்க, நவராத்திரிக் கொலுப் பெட்டியைத் திறந்து அத்தை கொடுத்தது செட்டியார் பொம்மை. செஞ்சிக் கோட்டை வாசலில், தொந்தியும் தராசுமாக, மளிகைக் கடை விரித்து உட்கார்ந்திருந்தார். படைக்கும் அரிசி பருப்பு வேண்டும்தானே.

31-ஆம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு அத்தை எழுப்பினாள். மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், உச்சந்தலையில் சப்பென்று ஒரு அறை. எதிர்வீட்டிலும் விளக்கு எரிந்தது. வடநாட்டுத் தீபாவளி சாயங்காலத்துடையது, லட்சுமியுடையது. விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து நரகாசுரனை முடிக்கும் வழக்கத்தில் மராட்டியரும் நம்மைப் போலத்தான். அவர்களுக்குச் சீயக்காய்க்குப் பதில் 'உட்ணே' என்ற வாசனைப்பொடியும், வருடத்தில் இந்த ஒரு நாளுக்காகவே வாங்குகிற பெரிய உருண்டை மோத்தி சோப்பும். குளித்ததும் துளசிமாடத்தின் முன்னால் 'காரீட்' என்ற குட்டிக் கசப்புக் காயைக் கால் பெருவிரலால் நசுக்க வேண்டும். அதுதான் நரகாசுரன். நசுங்கிய காயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். காகூ எனக்கும் ஒன்று கொடுத்தாள். நசுக்கினேன், நக்கினேன். அசுரன் செத்தபிறகும் அப்படிக் கசந்தான்.

எட்டு மணிக்கு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். நெல்லை வீட்டில் இது இல்லாமல் தீபாவளி விடியாது. எதிர்வீட்டில் அந்த ஐந்து நாளும் சைவம். ஆகையால் நாற்பது வருட ஒப்பந்தப்படி அத்தை கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள்.

செம்பூரிலிருந்து அத்தை மகள் குடும்பம் வந்தது. பேத்திக்கு இது தலைதீபாவளி. மாப்பிள்ளை தானேக்காரர், மராட்டிப் பையன். சம்பந்தம் பேசியபோது இதில்தான் மல்லுக்கட்டு வரும் என்று எல்லாரும் பயந்தார்களாம். பார்த்தால் அவர்களுக்கும் 'திவாள்சண்' என்று இருக்கிறது. கல்யாணமான முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குத்தான் வரவேண்டும், புதுத்துணி, பரிசு எல்லாம் உண்டு. எல்லாம் பொருந்திவிட்டதில் பெண் வீட்டாருக்குத்தான் ஏமாற்றம், ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பையன் கறிக்குழம்புக்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கி, "ஆயிகிட்ட சொல்லிடாதீங்க" என்று இரண்டு சொல் தமிழில் சொல்லிவிட்டு எட்டு இட்லி சாப்பிட்டான்.

நவம்பர் 2-ஆம் தேதி கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. திருச்செந்தூர்ப் பக்கத்துக் குடும்பம், அத்தை ஆறு நாளும் விரதம். சாயங்காலம் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் 108 படி. முட்டிவலியோடு ஒவ்வொரு படியிலும் ஒரு மருமகளைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே ஏறினாள். ஆக, பத்து நாள் பாடுபட்டுச் சுட்ட பட்சணத்தை அவள் தின்றது இரண்டே நாள். வருடா வருடம் இதே கதைதான்.

3-ஆம் தேதி பாவ்பீஜ். தங்கை அண்ணனுக்கு ஆரத்தி எடுக்கும் நாள். காகூவின் கூடப்பிறந்த அண்ணன் சாத்தாராப் பக்கம் கிராமத்தில் இருந்தார், இப்போது இல்லை. 1983-இலிருந்து மாமாவுக்குத்தான் எடுக்கிறாள். மாமா பலகையில் தொப்பி போட்டு உட்கார்ந்தார். காகூ தட்டைச் சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்து, அனார்சா ஒன்றை வாயில் திணித்தாள். மாமா தட்டில் ஒரு கவர் வைத்தார். காகூ அவரை 'அண்ணா' என்கிறாள். மராட்டியிலும் அது அதே சொல். அத்தையை 'வஹினி' என்கிறாள், அண்ணன் பெண்டாட்டி. நாங்கள் மதினி என்பதை மூக்கு மூடிக்கொண்டு சொன்னதுபோல இருக்கும். "முறைப்படி பாத்தா இவ எனக்கு நாத்தனா. கூடப்பொறந்த நாத்தனா தாராவியில இருக்கா, ஒரு போன் கெடையாது" என்றாள் அத்தை. தாராவித் தம்பியின் மகன் அன்று மதியம் ஒரு கட்டு வாழையிலையோடு வந்து, மாமாவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். மாமா அவன் இலையில் இரண்டு தடவை பாயாசம் ஊற்றினார். அதுவும் பேசாமல்தான்.

நான் புறப்படும் நாள் அத்தை பீரோவைத் திறந்தாள். சாமான் கட்டத் தொடங்கியாயிற்று. வாடகைக்கு எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. காஞ்சூர்மார்க் என்கிறார் மாமா, செம்பூர் என்கிறாள் மகள். காகூவின் மகன் டோம்பிவிலியில் வீடு பார்த்துவிட்டான். அடித்தட்டிலிருந்து உரலை எடுத்து என் கையில் கொடுத்த நேரத்தில் காகூ அனார்சா டப்பாவோடு உள்ளே வந்துவிட்டாள். அத்தைக்கு முகம் செத்துப்போயிற்று.

காகூ டப்பாவைக் கீழே வைத்தாள். உரலை வாங்கினாள். இரண்டு கைப்பிடியையும் பிடித்து ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள்.

"மலா மாஹீத் ஹோத்த, வஹினி" என்றாள். எனக்குத் தெரியும் மதினி. அந்த வருடமே தெரியுமாம். வேலைநிறுத்தம் முடியாத அந்தப் பொங்கலுக்கு அத்தை பீரோவைத் திறந்து சேலை எடுத்தபோது பார்த்திருக்கிறாள். "உங்களுக்குச் சோர்யா பிடிச்சுப்போச்சு, சொல்ல வெட்கப்படுறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று இந்தியும் மராட்டியும் கலந்து சொல்லிவிட்டு, உரலை முந்தானையால் துடைத்து என் பையில் அவளே வைத்தாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கட்டி வைத்திருந்த அதிரசப் பொட்டலத்தைப் பிரித்து, மறுபடி கட்டினாள்.

வருகிற வழியில் சோலாப்பூரில் ஒரு சக்லி, குண்டக்கல்லில் இரண்டு. நெல்லை வந்து சேர்ந்தபோது மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது, நான் போனதைக் கவனிக்காததுபோல. அம்மா டப்பாக்களைப் பாளையங்கோட்டைக் கோத்ரெஜ் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வெளியில் இருந்தால் நமத்துவிடும், முக்கியமாக நான் தின்றுவிடுவேன். அப்புறம்தான் பைக்கடியில் கிடந்த உரலைப் பார்த்தாள். எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, அடியில் பொறித்திருந்த ஆச்சியின் பெயரைத் தடவிப் படித்தாள்.

"இது ஒடஞ்சு போச்சுன்னுல்லா எண்பத்திரெண்டுல லெட்டர் போட்டா, ஒங்க அத்தை?"

போனை எடுத்துக் கொடு என்றாள்.